ஒரு ரொட்டிக்கு எத்தனை மீற்றர்? உணவுச் சக்தியை உயரமாகவும் உடற்பருமனாகவும் மாற்றும் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரம் 10, 11 விஞ்ஞானப் பாடத்தில் வரும் அழுத்த சக்தி, வினைத்திறன், அடர்த்தி ஆகிய மூன்றும் நினைவிருந்தால் கீழே உள்ள எல்லாக் கணக்கையும் நீங்களே போடலாம். தேவையான கருவிகள் ஒரு சமையலறைத் தராசும் கைத்தொலைபேசியில் உள்ள கணிப்பானும். வேறு ஏதும் சொல்லாத இடத்தில் உதாரணங்கள் 60 கிலோ எடையும் 160 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள ஒருவருக்குப் போட்டவை. உங்கள் எடையை அந்த இடத்தில் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பிஸ்கட் பைக்கற்றில் இருக்கும் கலோரியும் பாடப்புத்தகக் கலோரியும் ஒன்றா?

இல்லை. பாடப்புத்தகக் கலோரி 1 கிராம் நீரை 1 பாகை செல்சியஸ் சூடாக்கும் சக்தி. உணவு விடயத்தில் பேச்சுவழக்கில் "கலோரி" என்று சொல்வது உண்மையில் கிலோகலோரி, அதாவது அதைப்போல ஆயிரம் மடங்கு. 1 கிலோகலோரி என்பது 4.184 கிலோயூல். கணக்குத் தொடங்கும்போதே எல்லாவற்றையும் யூலுக்கு மாற்றிவிடுங்கள். உயரம், வெப்பம், வலு எல்லாம் யூலோடுதான் நேராகப் பொருந்தும். இந்தப் படியைத் தாண்டிப் போனவர்களுக்கு ஒரு பிஸ்கட்டால் சில சென்ரிமீற்றர் மட்டுமே ஏறலாம் என்று விடை வரும்.

வீட்டில் சுடும் ரொட்டிக்கு லேபிள் இல்லையே. சக்தியை எப்படிக் கண்டுபிடிப்பது?

சுட்ட ரொட்டியை நிறுக்காதீர்கள், போட்ட பொருட்களை நிறுங்கள். கல்லில் கிடக்கும்போது தண்ணீர் ஆவியாகிவிடும். ஒரே மாவில் சுட்ட இரண்டு ரொட்டிகள் தடிப்புக்கும் தணலுக்கும் ஏற்ப வேறு வேறு எடை காட்டும், ஆனால் சக்தி ஒன்றுதான்.

100 கிராம் கோதுமை மாவில் சுமார் 364 கிலோகலோரி உண்டு. 30 கிராம் தேங்காய்ப்பூவில் சுமார் 106. உப்புக்கும் தண்ணீருக்கும் பூச்சியம். ஆக 470 கிலோகலோரி. இந்த மாவை இரண்டாகப் பிரித்துச் சுட்டால் ஒரு ரொட்டி 235 கிலோகலோரி, அதாவது 983 கிலோயூல். கல்லில் எண்ணெய் தடவினால் 5 கிராமுக்கு 45 கிலோகலோரி சேருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். தேங்காய்ச் சம்பலில் உள்ள தேங்காய்ப்பூவையும் தனியாக நிறுக்க வேண்டும்.

அட்டவணை கையில் இல்லாவிட்டால் அட்வாட்டர் எண்கள் போதும்: காபோவைதரேற்றும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரி, கொழுப்பு 9, மதுசாரம் 7. சமிபாட்டில் தப்பிப்போகும் பங்கு இந்த எண்களில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கிறது. மறுபடி கழிக்க வேண்டாம்.

450 கிராம் பாண் ஒரு இறாத்தல் முழுதாக ஏறத்தாழ 1,200 கிலோகலோரி. அப்படியானால் மேலே சொன்ன ஐந்து ரொட்டியும் ஒரு பாணும் சக்தியில் கிட்டத்தட்டச் சமம்.

அந்த ஒரு ரொட்டி என்னை எவ்வளவு உயரம் ஏற்றும்?

உடம்பை மேலே தூக்கத் தேவையான சக்தி = திணிவு × 9.8 × உயரம். 60 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு மீற்றருக்கும் 588 யூல். 983,000 யூலை 588 ஆல் வகுத்தால் 1,672 மீற்றர் வரும். ஆனால் தசை அவ்வளவு திறமான இயந்திரம் அல்ல. அது செலவழிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்குதான் வேலையாக வெளியே வரும். மிச்சம் வெப்பமாகப் போய்விடும், குளிரில் ஏறும்போதும் முதுகு வியர்ப்பது அதனால்தான். ஆகவே 1,672 ஐ 4 ஆல் வகுத்து, ஒரு ரொட்டிக்குச் சுமார் 420 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் ஈர்ப்பு குறையாதா என்று கேட்பவர்கள் உண்டு. குறையும், 2,000 மீற்றர் உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 9.8 ஐத் தொட வேண்டாம்.

சிவனொளிபாதமலைக்கு எத்தனை ரொட்டி?

உச்சி கடல்மட்டத்திலிருந்து 2,243 மீற்றர். அந்த எண்ணை அப்படியே கணக்கில் போடக்கூடாது, நீங்கள் கடலிலிருந்து ஏறவில்லை. நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் உயர வித்தியாசம் சுமார் 1,000 மீற்றர். இரத்தினபுரிப் பக்கம் இன்னும் தாழ்விலிருந்து தொடங்குவதால் அங்கே எண் கூடும்.

60 × 9.8 × 1,000 = 588,000 யூல், அதாவது 140 கிலோகலோரி. வினைத்திறனுக்காக நான்கால் பெருக்கினால் 562. இது ஏற்றத்துக்கு மட்டும். கிடைத்தளமாக நடக்கும் தூரத்துக்கும் செலவு உண்டு: கிலோ எடைக்கும் கிலோமீற்றருக்கும் சுமார் அரைக் கிலோகலோரி. பாதையை 5 கிலோமீற்றர் என்று வைத்தால் 150. சும்மா இருந்தாலும் உடம்பு ஒரு மணித்தியாலத்துக்குக் கிலோவுக்கு 1 கிலோகலோரி வீதம் எரிக்கும், மூன்று மணித்தியாலத்துக்கு 180. கூட்டினால் ஏறத்தாழ 890. நாலு ரொட்டிக்குக் கொஞ்சம் குறைவு.

படிக்கணக்காகப் பார்ப்பது இன்னும் சுகம். நல்லதண்ணிப் பாதைக்கு 5,500 படி என்று பொதுவாகச் சொல்வார்கள். 1,000 மீற்றரை அதால் வகுத்தால் சராசரியாக ஒரு படி 18 சென்ரிமீற்றர். ஒரு படிக்கு 106 யூல், தசைக் கணக்கில் 423 யூல், அதாவது 0.1 கிலோகலோரி. பத்துப் படிக்கு ஒரு கிலோகலோரி என்று மனதில் வைத்துக்கொண்டால் கணிப்பானே வேண்டாம். தட்டையாக எடுத்த ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம், 16 கிலோகலோரி: நூற்றறுபது படி. வழியில் உள்ள கடையில் குவித்துப் போடும் கரண்டியில் 7, 8 கிராம் வரும். அதற்கு முன்னூறு படி.

இறங்கும்போது அந்தச் சக்தி திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. தசை பிரேக் போல வேலை செய்கிறது, அழுத்த சக்தி முழங்காலிலும் தொடையிலும் வெப்பமாக முடியும். ஏறுவதைவிடச் செலவு குறைவு, ஆனால் பூச்சியம் அல்ல. மறுநாள் தொடை பிடித்துக்கொள்வதற்கும் ஏற்றத்தைவிட இறக்கமே கூடுதல் காரணம்.

20 கிலோ தேயிலைக் கொழுந்தைச் சுமந்து 50 மீற்றர் மேட்டில் உள்ள தராசடிக்கு ஏறினால் 10 கிலோகலோரிகூட வரவில்லை. கணக்கு பிழையா?

கணக்கு சரி, கேள்விதான் குறைவாகக் கேட்கப்பட்டிருக்கிறது. 20 × 9.8 × 50 = 9,800 யூல். அது 2.3 கிலோகலோரி, நான்கால் பெருக்கினால் 9.4. ஒரு கரண்டி சீனிகூட இல்லை. ஆளின் எடையையும் சேர்த்து 80 கிலோவாகப் போட்டாலும் 37 தான். இந்த எண்ணை வைத்து "கொழுந்து சுமப்பது இலேசான வேலை" என்று யாராவது சொன்னால், அவர் பௌதிகத்தையும் தப்பாகப் படித்திருக்கிறார், மலையையும் தப்பாகப் பார்த்திருக்கிறார்.

பௌதிகத்தில் வேலை என்பது விசையை அதன் திசையில் நகர்ந்த தூரத்தால் பெருக்குவது. சுமையோடு அசையாமல் நின்றால் வேலை பூச்சியம். தசைக்கு அப்படி இல்லை. ஒரு மேசை 20 கிலோவைச் செலவில்லாமல் தாங்கும், ஏனென்றால் பலகையின் மூலக்கூறுகள் பிடித்த பிடியை விட வேண்டியதில்லை. தசைநாரோ இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துத்தான் ஒரே நிலையில் நிற்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் இரசாயனச் சக்தி செலவாகும். கயிறு நெற்றியில் மாட்டிய கூடை என்றால் கழுத்துத் தசை மணிக்கணக்காக அப்படி இழுத்துக்கொண்டே இருக்கும். சரிவில் சறுக்காமல் கால் ஊன்றுவது, இரண்டு கையும் ஓயாமல் இலைமேல் ஓடுவது, நனைந்த உடுப்போடு உடம்பைச் சூடாக வைத்திருப்பது: இவற்றில் ஒன்றும் திணிவு × 9.8 × உயரத்துக்குள் வராது.

இப்படிப்பட்ட செலவை அறிய உயரத்தை அளந்து பயனில்லை, மூச்சைத்தான் அளக்க வேண்டும். உடல் பயன்படுத்தும் ஒவ்வொரு லீற்றர் ஒட்சிசனுக்கும் சுமார் 5 கிலோகலோரி வெளியாகிறது. ஆய்வுகூடங்களில் முகமூடி மாட்டி அளப்பது இதைத்தான்.

சாப்பிட்டதை ஏறிக் கரைக்காமல் விட்டால் எவ்வளவு பெரிதாக உடம்பில் சேரும்?

இரண்டு ரொட்டியின் 470 கிலோகலோரி முழுதும் தேவைக்கு மேலதிகம் என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு இழையம் 1 கிலோவில் ஏறத்தாழ 850 கிராம் கொழுப்பு, மிச்சம் பெரும்பாலும் நீர். 850 × 9 = 7,650. எல்லோரும் சொல்லும் 7,700 இங்கிருந்துதான் வருகிறது. 470 ஐ 7,700 ஆல் வகுத்தால் 61 கிராம். கொழுப்பு இழையம் நீரைவிடச் சற்று இலேசு, மில்லிலீற்றருக்கு 0.94 கிராம் என்று போட்டால் கனவளவு 65 மில்லிலீற்றர். உருட்டினால் 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு பந்து, நல்ல தேசிக்காய் அளவு.

ஒரு கிலோவுக்கான 7,700 கிலோகலோரியை உருட்டினால் 1.06 லீற்றர், விட்டம் 12.7 சென்ரிமீற்றர். சக்தி பதினாறு மடங்கு கூடியும் பந்து இரண்டரை மடங்குதான் அகலமாகியிருக்கிறது. கனவளவு விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு போவதால், சக்தி எட்டு மடங்கானால்தான் விட்டம் இரண்டு மடங்காகும். கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துவிட்டது என்று சொல்வதில் இந்தக் கேத்திரகணிதத்துக்கும் பங்கு உண்டு.

ஒரு கிலோ கூடினால் இடுப்பு எத்தனை சென்ரிமீற்றர் பெருக்கும்?

இரண்டு எல்லைகளைப் போட்டுப் பாருங்கள். முதலாவது, கொழுப்பு தோல் முழுவதும் ஒரே தடிப்பில் பரவுகிறது என்று கொள்ளுங்கள். தோற்பரப்பு 1.6 சதுர மீற்றர். 1.06 லீற்றரை அதில் பரப்பினால் தடிப்பு 0.66 மில்லிமீற்றர். சுற்றளவு தடிப்பைப்போல 6.28 (2π) மடங்கு கூடும்: 4 மில்லிமீற்றர். அளவுநாடாவை கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாலே இந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

இரண்டாவது, முழுதும் வயிற்றில் சேர்கிறது என்று கொள்ளுங்கள். இடுப்பு 80 சென்ரிமீற்றர், கொழுப்பு சேரும் வயிற்றுப் பட்டையின் உயரம் 30 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு 0.24 சதுர மீற்றர், தடிப்பு 4.4 மில்லிமீற்றர், சுற்றளவில் 2.8 சென்ரிமீற்றர். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில். கிலோவுக்கு ஒரு சென்ரிமீற்றர் என்ற நடைமுறை எண் இதற்குள் சரியாக விழுகிறது. இதைவிட நுட்பமாகச் சொல்லும் கைத்தொலைபேசிச் செயலியை நம்பாதீர்கள். கொழுப்பு எங்கே சேரும் என்பதைப் பரம்பரையும் ஆண், பெண் என்ற பால் வேறுபாடும் வயதும் தீர்மானிக்கின்றன, சூத்திரம் அல்ல.

நேற்றுக் கல்யாண வீட்டில் சாப்பிட்டேன், காலையில் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. 11,000 கிலோகலோரியா சாப்பிட்டேன்?

தராசு திணிவை நிறுக்கிறது, சக்தியை அல்ல. அரைக் கிலோ சோறும் கறியும் அரை லீற்றர் தண்ணீரும் உள்ளே போனால் அந்த நிமிடமே ஒரு கிலோ கூடிவிடும், அது வெறும் தண்ணீரும் கீரையுமாக இருந்தாலும். உப்பு கூடிய சாப்பாடு நீரைப் பிடித்து வைக்கும். அதோடு கிளைக்கோசன் என்ற மாப்பொருள் சேமிப்பு, ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் நீரையும் சேர்த்தே தங்கும். 400 கிராம் கிளைக்கோசன் நிறைந்தால் தராசில் 1.6 கிலோ, சக்தியில் 1,600 கிலோகலோரி. பட்டினி கிடந்து முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது என்பதும் இதே கதையின் மறுபக்கம்.

7,700 என்ற எண் கொழுப்புக்கு மட்டும். தசையில் நாலில் மூன்று பங்கு நீர், 1 கிலோவில் சேமிப்பாக உள்ள சக்தி ஆயிரம் கிலோகலோரிக்குக் கிட்டத்தான் வரும்.

நாளுக்கு மூன்று தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. பத்து வருடத்தில் 45 கிலோ கூடுமா?

சூத்திரத்தைக் கண்மூடிப் போட்டால் அப்படித்தான் வரும்: 6 × 16 = 96 கிலோகலோரி, வருடத்துக்கு 35,000, அது 4.5 கிலோ, பத்தால் பெருக்கு 45. யாருக்கும் அப்படி நடப்பதில்லை. எடை கூடக்கூட உடம்பின் செலவும் கூடுகிறது. பாரமான உடலைக் கொண்டு நடக்கவும் காப்பாற்றவும் கூடுதலாக எரிக்க வேண்டும்.

வளர்ந்தவர்களுக்குப் பொருந்தும் கணக்கு வேறு: நாளாந்தம் நிலையாகக் கூடும் ஒவ்வொரு 24 கிலோகலோரிக்கும் கடைசியில் 1 கிலோ. பாதி மாற்றம் ஏறத்தாழ ஒரு வருடத்தில், கிட்டத்தட்ட முழுதும் மூன்று வருடத்தில். இதுவரை சீனியில்லாமல் குடித்தவர் இப்படிக் குடிக்கத் தொடங்கி வேறொன்றையும் மாற்றாவிட்டால் சுமார் 4 கிலோ கூடி நின்றுவிடுவார். சீனியை நிறுத்தினாலும் அதே 4 கிலோ, அதே வேகம். முதல் மாதத்தில் தராசு அசையவில்லை என்று கைவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சக்தி நேராக எடையாக மாறுமா? ஐன்ஸ்டைன் சொன்னாரே?

நாளுக்கு 2,000 கிலோகலோரி, அதாவது 8.4 மில்லியன் யூல். அதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஒரு கிராமின் ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. எந்தத் தராசும் காட்டாது. உடம்பில் சேரும் எடை சாப்பாட்டின் அணுக்களிலிருந்து வருவது, போகும் எடையும் அணுக்களாகவே போகிறது.

எங்கே போகிறது என்பதுதான் சுவாரசியம். ஒரு சராசரிக் கொழுப்பு மூலக்கூறில் 55 காபன், 104 ஐதரசன், 6 ஒட்சிசன் அணுக்கள். அதை முழுதாக எரிக்க 78 ஒட்சிசன் மூலக்கூறு தேவை. திணிவைக் கூட்டிப் பார்த்தால் 1 கிலோ கொழுப்பு 2.9 கிலோ ஒட்சிசனோடு சேர்ந்து 2.8 கிலோ காபனீரொட்சைட்டும் 1.1 கிலோ நீரும் ஆகிறது. கொழுப்பு வியர்வையாக உருகி ஓடுவதில்லை, பெரும்பகுதி மூக்கு வழியாக வெளியே போகிறது.

பிள்ளை வளர எவ்வளவு சக்தி வேண்டும்?

வளர்ச்சிக்கு மட்டும் என்றால் ஆச்சரியமாகக் கொஞ்சம். எடை 1 கிராம் கூடச் சுமார் 5 கிலோகலோரி என்பது குழந்தை மருத்துவத்தில் புழங்கும் எண். பள்ளிப் பிள்ளை வருடத்துக்கு 2.5 கிலோ கூடினால் 12,500 கிலோகலோரி, நாளுக்கு 34. ஒரு ரொட்டியில் ஏழில் ஒரு துண்டு. மிச்சச் சாப்பாடெல்லாம் ஓடவும் படிக்கவும் உயிரோடு இருக்கவும்.

இதைப் படித்துவிட்டு ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும் போதும் என்று முடிவெடுக்காதீர்கள். எடைக்குச் சக்தி போதும், உயரத்துக்குப் போதாது. எலும்பு நீள நல்ல புரதம், நாகம் (சிங்க்), கல்சியம் எல்லாம் வேண்டும், அடிக்கடி வயிற்றோட்டம் வராமலும் இருக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதத்துக்குக் கிட்ட. முட்டை, பருப்பு, நெத்தலி, பால் ஆகியவற்றின் பெறுமதியைக் கலோரியால் அளக்க முடியாது.

குளிர்ந்த தண்ணீர் குடித்தால் மெலியலாமா?

நுவரெலியாவில் 15 பாகைத் தண்ணீர் ஒரு லீற்றர் குடித்தால் உடம்பு அதை 37 க்குக் கொண்டுவர 22 கிலோகலோரி. ஒன்றரைக் கரண்டி சீனி. அதற்காக நடுங்கத் தேவையில்லை.

கச்சானை எரித்து வீட்டிலேயே சக்தியை அளக்கலாமா?

அளக்கலாம், ஆனால் லேபிளில் உள்ள எண் வராது. ஏன் வரவில்லை என்று கணக்கிடுவதுதான் பரிசோதனையின் பயன். கச்சான் ஒவ்வாமை உள்ளவர் அறையில் இருக்கக்கூடாது, பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

கச்சான் பருப்பு ஒன்றை நிறுத்துக்கொள்ளுங்கள், அரைக் கிராமுக்குக் கிட்ட இருக்கும். ஊசியில் குத்தி, ஊசியின் மறுமுனையைத் தக்கையில் நிறுத்துங்கள். மெல்லிய சிறு தகரப்பேணியில் 50 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றி, பருப்புக்கு 2 சென்ரிமீற்றர் மேலே வரும்படி கம்பியில் தொங்கவிட்டு, வெப்பநிலையைக் குறியுங்கள். பருப்பைப் பேணிக்கு அடியில் வைக்க முன் வெளியே பற்றவையுங்கள், இல்லாவிட்டால் தீக்குச்சியின் வெப்பமும் கணக்கில் சேரும். அணைந்தால் மறுபடி பற்றவைக்கலாம். எரிந்து முடிந்ததும் தண்ணீரைக் கலக்கி மிக உயர்ந்த வெப்பநிலையை வாசித்து, மிச்சக் கரியை நிறுத்துக் கழித்துவிடுங்கள்.

அரைக் கிராம் எரிந்து வெப்பநிலை 22 இலிருந்து 36 ஆனது என்றால், 50 × 14 = 700 கலோரி, 0.7 கிலோகலோரி. கச்சானில் கிராமுக்குச் சுமார் 5.7 உண்டு, ஆகவே 2.8 வந்திருக்க வேண்டும். நாலில் மூன்று பங்கு தப்பிவிட்டது: சுவாலையைச் சுற்றியுள்ள காற்றுக்கும், பேணியின் தகரத்துக்கும், அடியில் படிந்த கரும்புகைக்கும். மலைநாட்டில் முதல் எதிரி யன்னல் காற்று. மூன்று பக்கமும் அட்டை மறைப்பு வைத்தாலே விடை தெளிவாகக் கூடும். தண்ணீரை 20 மில்லிலீற்றராகக் குறைக்க வேண்டாம். அது கொதிநிலைக்குக் கிட்டப் போய் ஆவியாகத் தொடங்கினால் அந்தச் சக்தியை வெப்பமானி காட்டாது, நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும்.

விடை முழுக்கக் கோணலாக வருகிறது. எங்கே பார்ப்பது?

ஆயிரம் மடங்கு பிழை என்றால் கலோரியும் கிலோகலோரியும், அல்லது யூலும் கிலோயூலும் கலந்திருக்கின்றன. நாலு மடங்கு என்றால் கிலோகலோரியைக் கிலோயூலாக எடுத்திருக்கிறீர்கள், அல்லது வினைத்திறனை விட்டிருக்கிறீர்கள். பதினாறு மடங்கு என்றால் உணவிலிருந்து உயரத்துக்குப் போகும்போது வகுக்க வேண்டிய 4 ஐப் பெருக்கியிருக்கிறீர்கள். மூன்றுக்குச் சற்று மேல் என்றால் பழைய வரைபடத்தின் அடியை மீற்றராக வாசித்திருக்கிறீர்கள், சிவனொளிபாதமலை 7,359 அடி. பத்து மடங்கு கூடியோ குறைந்தோ வந்தால் திணிவுக்குக் கிலோவும் விசைக்கு நியூற்றனும் இடம் மாறியிருக்கும்.

பத்துச் சதவீதம்தான் வித்தியாசம் என்றால் தேட வேண்டாம். தேங்காய்ப்பூவின் ஈரமே அவ்வளவு மாறும்.